கேம்பர்வேனில் இங்கிலாந்து: சாவி வாங்கும் முன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன கோடையில் நாங்கள் வாடகைக்கு விடும் கேம்பர்வேன் (படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டி) ஒன்று கூரை ஜன்னல் நொறுங்கித் திரும்பி வந்தது. ஊருக்கு நடுவே கார் பார்க்கைக் கண்டதும் ஓட்டியவர் உள்ளே திருப்பிவிட்டார். வாசலில் 2.1 மீட்டர் உயரத்தில் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி, வண்டியோ 2.6 மீட்டர். தப்பு எங்களுடையது. சாவி கொடுக்கும்போது உயரத்தைச் சொல்லாமல் விட்டோம். இப்போது ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: 2.6 மீட்டர், 8 அடி 7 அங்குலம். தயவுசெய்து அதைப் பிய்க்காதீர்கள்.

பழைய ஊர்களின் தெருக்கள் குதிரை வண்டிக்குப் போட்டவை. வண்டியை ஊருக்கு வெளியே முகாம் தளத்தில் விட்டுவிட்டு நடந்தோ பஸ்ஸிலோ உள்ளே போவதுதான் சுகம். யார்க்கில் ரவுன்ட்ரீ பார்க் தளத்தில் நிறுத்தினால் ஊஸ் ஆற்றங்கரையோடு நடந்தே ஊருக்குள் போய்விடலாம். ஊரின் பழைய மதில்மேல் ஏறிச் சுற்றலாம். (மழைக்காலத்தில் அந்த ஆறு கரை புரளும். அப்போது எங்களைக் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.)

எங்களுக்குப் பிடித்தது சால்ஸ்பரி. முதலில் ஓல்டு சாரம் மேட்டில் ஏறுங்கள். பழைய பேராலயம் அங்கேதான் இருந்தது; இன்று புல்லுக்கு நடுவே அதன் அடித்தளக் கோடுகள் மட்டும். தண்ணீர்த் தட்டுப்பாடு, காற்று, அதே மேட்டிலிருந்த கோட்டைக்காரர்களோடு சண்டை எல்லாம் சேர்ந்து, 1220-இல் கீழே சமவெளியில் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் போட்டார்கள். அதன் 123 மீட்டர் கோபுரம் மேட்டிலிருந்தே தெரியும். அதைக் குறிவைத்து இறங்கி நடந்தால் வழி கேட்க வேண்டியதில்லை. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு போட்ட 1215-இன் மாக்னா கார்ட்டா சாசனப் பிரதிகளில் இன்று எஞ்சியிருப்பவை நான்கு. ஒன்று இந்தப் புதிய ஆலயத்தில் இருக்கிறது.

வட்டமாக நிற்கும் பழங்காலப் பெருங்கற்களான ஸ்டோன்ஹெஞ்சுக்கு டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து கற்கள் இரண்டரை கிலோமீட்டர். பஸ் உண்டு, ஆனால் முழங்கால் ஒத்துழைத்தால் நடங்கள்.

வடக்கே லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். கரையையும் தீவையும் இணைக்கும் சாலையைக் கடல் தினமும் இரண்டு வேளை மூடிவிடும். கடக்கும் நேரத்தை உள்ளூர் கவுன்சில் வெளியிடுகிறது. "தண்ணீர் இன்னும் வரவில்லையே, போய்விடலாம்" என்று இறங்கி மாட்டிக்கொள்கிறவர்களுக்காகவே பாதி வழியில் கம்பங்களின் மேல் ஒரு சிறு குடில் கட்டி வைத்திருக்கிறார்கள். நீங்கள் அதில் ஏறிப் பிழைத்துக்கொள்வீர்கள், வண்டி பிழைக்காது. உப்புத் தண்ணீர் சேதத்துக்கு எங்கள் ஒப்பந்தத்தில் ஈடு கிடையாது. 793-இல் வைக்கிங்குகள் (வடக்கிலிருந்து வந்த கடல் கொள்ளையர்கள்) அந்தத் தீவுக்குப் படகில் வந்தார்கள்; எங்கள் வண்டி படகு இல்லை.

கட்டணம்: எங்கள் வண்டிகள் யூரோ 6 என்ற புகைத் தரத்துக்கு உட்பட்ட டீசல் வண்டிகள். லண்டனின் 12.50 பவுண்டு புகைக் கட்டணமும், பாத் நகரம் பழைய வேன்களிடம் வாங்கும் 9 பவுண்டும் உங்களுக்கு இல்லை. மத்திய லண்டன் நெரிசல் கட்டணம் மட்டும் உங்கள் கணக்கு. கார் பார்க்கில் படுத்து இரவைக் கழிக்கலாம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் தடை. மின் இணைப்போடு தளம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கேம்பர்வேன் கடைக்காரர்கள்

பி.கு.: தோசைக்கல் அடுப்புக்குக் கீழ் அறையில் இருக்கிறது. தாளிக்கும்போது கூரை ஜன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் புகை அலாரம் பக்கத்து வண்டிக்காரரையும் எழுப்பிவிடும்.