மூக்கொழுகிய நாளிலிருந்து மணி எண்ணுங்கள்

குழந்தைகளின் மூச்சுக்குழல்களைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரசுக்கான மருந்துகளுக்கு ஆய்வுத் திட்டம் எழுதுவோருக்கும், அதற்கு ஒப்புதல் தரும் குழுவினருக்கும் வணக்கம்.

"மருத்துவமனையில் சேர்ந்த இத்தனை மணிக்குள் முதல் வேளை மருந்து" என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். குழந்தை வார்டுக்குள் வந்த நேரம் வைரசுக்குத் தெரியாது. மூக்கொழுகி மூன்று நான்கு நாள் கழித்துத்தான் இளைப்பு வரும். பெற்றோர் தூக்கிக்கொண்டு ஓடிவருவது அதற்கப்புறம். அதற்குள் உதிர்ந்த செல்களும் சளியும் சின்ன மூச்சுக்குழல்களை அடைத்திருக்கும். வைரஸ் செல்லோடு இணையப் பயன்படுத்தும் எஃப் புரதத்தை முடக்கும் மருந்து, அது புதிய செல்லுக்குள் நுழைவதைத்தான் தடுக்கும். அடைத்த குழலைத் திறக்காது.

அப்படிப்பட்ட மருந்தான பிரெசடோவிர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 2014இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான பெரியவர்களின் மூக்கில் வைரசை விட்டு, நாளுக்கு இருமுறை மூக்கைக் கழுவிச் சோதித்து, வைரஸ் தென்பட்டதும் மருந்து கொடுத்தார்கள். வைரஸ் அளவும் சளித்தொல்லையும் நன்றாகக் குறைந்தன. பிறகு, நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடம் அதே மருந்து எடுபடவில்லை. வேறு காரணங்களும் இருக்கலாம். எங்கள் முதல் சந்தேகம் தாமதத்தின் மேல்தான்.

தாமதமானால் பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சீனாவில் மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளுக்கு இதே வகை மருந்தான சிரெசோவிர் கொடுத்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. மூன்றாம் நாளில், நோய்க் கடுமையைக் காட்டும் இளைப்பு மதிப்பெண் 3.4 இறங்கியது. ஆனால் போலி மருந்து பெற்றவர்களுக்கும் 2.7 இறங்கியதே! தானாகவே தேறத் தொடங்கிய குழந்தையிடம் மருந்து காட்டக்கூடிய வித்தியாசம் அவ்வளவுதான். ஆகவே சளி தொடங்கிய நாளையும் வேளையையும் தாயிடம் கேட்டுப் பதியுங்கள்; புறநோயாளிப் பிரிவிலேயே பிசிஆர் (வைரசின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்து, அன்றே முதல் வேளையைக் கொடுங்கள்.

அடுத்தது ஸ்வாப், அதாவது மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் மாதிரி. பிசிஆரில் வைரஸ் தென்படுவது 3.3 பெருக்கச் சுழற்சி தள்ளிப்போனால் வைரஸ் பத்தில் ஒரு பங்கு என்று பொருள். குச்சியை அரைகுறையாக நுழைத்தாலும் அதே எண்தான் வரும். மருந்து வேலை செய்ததாகக் கணக்கில் ஏறிவிடும். ஒவ்வொரு மாதிரியிலும் மனிதச் செல்லின் மரபணு ஒன்றையும் சேர்த்து அளந்தால் இந்த ஏமாற்று பிடிபடும். இறங்கிய அளவு மறுபடி ஏறினால் எஃப் மரபணுவை வரிசைப்படுத்திப் பாருங்கள்: ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலும் மருந்து எஃப் புரதத்தைப் பற்ற முடியாமல் போகலாம்.

மருந்து குடித்த பத்தாவது நிமிடம் இருமி, பாலோடு கக்கிவிடும் மூன்று கிலோ குழந்தைக்கு மறுவேளை உண்டா? மூக்குக் குழாய் வழியே கொடுத்தால் குழாய்ச் சுவரில் எவ்வளவு மருந்து ஒட்டிக்கொள்ளும்? முதல் குழந்தையைச் சேர்க்கும் முன்பே இந்த இரண்டுக்கும் திட்டத்தில் பதில் இருக்க வேண்டும்.