ஒரு எட்டுக் குறைந்துவிட்டது, குலம்

ஸ்காபரோ
16 நவம்பர் 2025

அன்பின் குலம்,

அன்றைக்கு நீ போன் எடுத்தபோது நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதை மனதில் வைத்திராதே. உனக்கு அது ஞாயிறு காலை பத்து மணி, கோயிலுக்குப் போய் வந்து தேத்தண்ணீரோடு குந்தியிருந்து "என்ன மச்சான், உங்கட ஆக்கள் தோத்துப் போச்சினமாம்" என்று சிரிக்கிறாய். எனக்கு நடுச்சாமம் தாண்டி அரை மணி. எங்கள் ரொறன்ரோ பேஸ்போல் அணி, புளூ ஜேஸ், இறுதித் தொடரில் தோற்றுப்போய், பேஸ்மென்டில் நானும் மகனும் ஆளுக்கொரு மூலையில், ரீவி சத்தத்தை அணைத்துவிட்டு, செத்த வீட்டில் இருக்கிற மாதிரி இருந்தோம். போதாக்குறைக்கு அந்த இரவுதான் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிற இரவு. தோற்றது மட்டுமில்லை, அந்த இராத்திரியில் ஒரு மணித்தியாலத்தை இரண்டு தரம் இருந்து அனுபவிக்க வேண்டியும் வந்தது.

இரண்டு கிழமை போய்விட்டது, இப்போது எழுதலாம். நீ கேட்டாய், இது என்ன விளையாட்டு, கிரிக்கெட் தெரிந்தவன் இதையெல்லாம் பார்ப்பானா என்று. டேய், நீ எங்கட ஊர் எல்லே மட்டைப்பந்து விளையாடினவன்தானே. எல்லேதான் இது. அடித்துவிட்டு ஓட வேண்டும், வட்டமாக ஓடி வீட்டுக்கு வந்தால் ஒரு ஓட்டம். எல்லேயில் ஓடுகிறவனைப் பந்தால் எறிந்து முதுகைப் பழுக்க வைப்போம், இங்கே அது இல்லை. பேஸில் நிற்கிறவர் பந்தோடு முந்திக்கொண்டால் ஓடுகிறவர் அவுட். இன்னொன்றையும் கவனித்து வை, கடைசியில் தேவைப்படும்: அடித்த பந்தை நிலத்தில் படாமல் பிடித்துவிட்டால், ஓடப் புறப்பட்டவர் திரும்பி வந்து தான் நின்ற பேஸைத் தொட வேண்டும். அதற்குள் பந்து அங்கே வந்து சேர்ந்தால் அவரும் அவுட்.

நான் இந்த விளையாட்டுக்குள் விழுந்த கதை உனக்குத் தெரியாது. 1993 ஒக்டோபர், வந்து இரண்டாவது வருசம், ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். குசினிக்குள் ஒரு சின்ன ரேடியோ. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், ரொறன்ரோ 6-5 என்று பின்னுக்கு நிற்கிறது, ஜோ கார்ட்டர் என்ற மனுசன் பந்தை எங்கட சிக்ஸர் மாதிரி வெளியே தூக்கி, மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்து, உலகத் தொடர் என்கிற வருச இறுதித் தொடரையே வென்று முடித்துவிட்டார். சமையல்காரர் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்ததில் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது, முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. கோப்பை உடைத்தும் ஏச்சு வாங்காத ஒரே நாள் அதுதான். எதற்காகத் துள்ளுகிறார்கள் என்று விளங்காமலே நானும் துள்ளினேன். அதற்குப் பிறகு 32 வருசம் புளூ ஜேஸ் உலகத் தொடர்ப் பக்கமே போகவில்லை. போன வருசம் 74 வெற்றி, 88 தோல்வி, தங்கள் பிரிவில் கடைசி இடம். இந்த வருசம் 94 வெற்றியோடு முதலிடம். மார்ச் மாதம் யாராவது இதைச் சொல்லியிருந்தால் விசர்க்கதை என்றுதான் சொல்லியிருப்பேன்.

முதலில் நியூயோர்க் யாங்கீஸை 3-1 என்று அனுப்பினோம். பிறகு சியாற்றில் மரினர்ஸ், ஏழு ஆட்டத் தொடர், ஏழாவது வரைக்கும் போனது. அந்த ஏழாவது ஆட்டம் வந்தது தீபாவளி அன்று. வீட்டில் ஆட்கள், பலகாரம், மனைவியின் தமையன் குடும்பம், நான் மட்டும் மேலுக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். 3-1 என்று பின்னுக்கு, ஏழாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் பேஸில். ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் அடித்தார் ஒரு அடி, இடது பக்கம் போய் விழுந்தது, 4-3. நான் போட்ட சத்தத்தில் மேலே இருந்தவர்கள் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஓடி வந்தார்கள். சியாற்றில்காரர் பாவம், அவர்கள் ஒரு தடவைகூட உலகத் தொடருக்குப் போனதில்லை. அதை நான் அன்றைக்கு நினைக்கவில்லை, பன்னிரண்டு நாள் கழித்து நினைத்தேன்.

உலகத் தொடரில் எதிரி லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ். போன வருச சம்பியன், காசுக்கும் ஆளுக்கும் குறைவில்லாத அணி, அடிக்கவும் பந்தெறியவும் வல்ல ஒஹ்டானி அங்கேதான். முதல் ஆட்டத்தில் அவர்களை 11-4 என்று அடித்தோம், ஒரே இன்னிங்ஸில் ஒன்பது ஓட்டம். அதில் அடிசன் பார்ஜர் என்ற பெடியன் இன்னொருவருக்குப் பதிலாக இறங்கி, மூன்று பேஸும் நிறைந்திருக்க ஹோம் ரன் அடித்தார். உலகத் தொடர் வரலாற்றில் மாற்று ஆளாக வந்து அப்படி அடித்தவர் அவருக்கு முதல் யாருமில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது, முதல் நாள் இரவு படுக்க இடமில்லாமல் இன்னொரு வீரரின் ஹோட்டல் அறையில், இழுத்து விரிக்கிற சோபாவில்தான் அவர் படுத்தாராம். வந்த புதுசில் நாங்கள் ஒன்பது பேர் இரண்டு அறையில் படுத்த கதை ஞாபகம் வந்தது. எனக்கு அடுத்த நாள் ஹோம் ரன் ஒன்றும் வரவில்லை என்பது வேறு.

மூன்றாவது ஆட்டம் சூரன்போர் அன்று. மனைவி கந்தசஷ்டி விரதம், மாலை கோயிலில் சூரன் விழுந்ததைப் பார்த்துவிட்டு வந்து நேரத்துக்குப் படுத்துவிட்டாள். நான் கீழே. ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் பதினெட்டுக்குப் போனது, ஆறரை மணித்தியாலத்துக்கு மேல். ஒரு தலை விழ இன்னொரு தலை முளைக்கிறது, மாமரமாகிறது, சேவலாகிறது, முடிகிற பாடில்லை. ஒஹ்டானி மட்டும் ஒன்பது தரம் பேஸில் ஏறினார்! இரண்டு ஹோம் ரன் அடித்த பிறகு அடிக்க விடவே பயந்து வேண்டுமென்றே சும்மா முதல் பேஸுக்கு நடக்கவிட்டார்கள். விடிய மூன்று மணிக்குக் கிட்ட ஃபிரெடி ஃபிரீமன் ஒன்றை வெளியே அடித்து 6-5 என்று முடித்தார். மனைவி பாறணைக்கு எழும்பி வந்து, "இன்னும் படுக்கவில்லையா" என்று கேட்டாள். படுத்திருக்கலாம். அந்த ஆட்டத்தில் ஸ்பிரிங்கருக்கும் விலாப் பக்கம் பிடித்துக்கொண்டது, அடுத்த இரண்டு ஆட்டமும் அவர் இல்லை.

ஆனால் பெடியள் அந்த இரண்டையும் வென்றார்கள். நாலாவது ஆட்டத்தில் எங்கள் கெரேரோ ஒஹ்டானியின் பந்தையே ஹோம் ரன் அடித்தார். ஐந்தாவதில் ட்ரே யெசாவேஜ், 22 வயது, வருசத் தொடக்கத்தில் புளோரிடாவில் அடிமட்ட லீக்கில் பந்தெறிந்துகொண்டிருந்த பிள்ளை, டொட்ஜர்ஸ்காரரைப் பன்னிரண்டு தரம் அடிக்க விடாமலே அவுட் ஆக்கியது. 3-2 என்று முன்னுக்கு. இன்னும் ஒன்று வென்றால் போதும், இரண்டு ஆட்டமும் ரொறன்ரோவில். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடென்றால் மரக்கறிச் சாப்பாடு, சனிக்கிழமை கொண்டாட்டத்துக்கு என்று மட்டன் ரோல்ஸ் ஐம்பதுக்குச் சொல்லியும் வைத்துவிட்டேன். அதுதான் நாவூறு என்று மகன் இன்னும் சொல்கிறான்.

இனிமேல் நான் சொல்வதை ஆறுதலாக வாசி. இந்த ஊரில் எல்லோரும் தோற்ற காரணத்தைப் பிழையாகச் சொல்கிறார்கள் என்பது என் கட்சி.

ஆறாவது ஆட்டம், ஒக்டோபர் 31. வாசலில் பேய் வேசம் போட்ட பிள்ளைகள் இனிப்புக்கு வந்து மணி அடித்தபடி. ஒன்பதாவது இன்னிங்ஸ், 3-1 என்று பின்னுக்கு. முதல் பேஸில் ஓர் ஆள், பார்ஜர் அடிக்கிறார், பந்து நேரே போய் மதிலின் அடியில், மெத்தைக்கும் நிலத்துக்கும் இடையில் செருகிக்கொண்டது. விழுந்து உருளவுமில்லை, தெறிக்கவுமில்லை. கள வீரர் அதைத் தொடவில்லை, இரண்டு கையையும் தூக்கினார். அப்படிச் செருகினால் சட்டப்படி எல்லோருக்கும் இரண்டு பேஸ்தான். வீட்டுக்கே ஓடி வந்துவிட்டவரைத் திருப்பி மூன்றாவது பேஸுக்கு அனுப்பினார்கள். சரி, அப்பவும் ஒருவரும் அவுட் இல்லை, மூன்றாவதில் ஒருவர், இரண்டாவதில் பார்ஜர். அடுத்தவர் உயரத் தூக்கிக் கொடுத்து அவுட். அதற்கடுத்தவர் இடது பக்கம் அடித்த பந்து விழுந்துவிடும் என்று நினைத்துப் பார்ஜர் இரண்டு மூன்று எட்டு முன்னுக்கு வந்துவிட்டார். இடது பக்கத்தில் நின்ற ஹெர்னாண்டஸ் ஓடி வந்து பிடித்து, அந்த ஓட்டத்திலேயே இரண்டாவது பேஸுக்கு எறிய, மிகேல் ரோஹாஸ் தாழ்வாக வந்த பந்தை அள்ளி எடுத்தார். பார்ஜர் திரும்பி வந்து சேரவில்லை. அந்த ஒரு பந்தில் இருவர் அவுட், முன்னமே அவுட் ஆனவரோடு மூன்று, ஆட்டம் முடிந்தது. அளவுக்கு மேல் முன்னுக்கு வந்ததால் வந்த வினை.

அடுத்த நாள் ஏழாவது ஆட்டம். போ பிஷெட், முழங்கால் காயத்தில் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து உட்கார்ந்திருந்து உலகத் தொடருக்கென்று திரும்பி வந்தவர், ஒஹ்டானி எறிந்த பந்தை மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தார். 3-0. அவர் நொண்டி நொண்டிச் சுற்றி வந்ததைப் பார்த்து நான் அழுதேன், சொல்லாதே ஒருவரிடமும். ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு 4-3 என்று முன்னுக்கு நிற்கிறோம், எங்களுக்கு இன்னும் இரண்டு அவுட் வேண்டும். அடிக்க வந்தவர் அதே ரோஹாஸ், 36 வயது, அடிக்கிறவர் என்று ஒருவரும் கணக்கில் எடுக்காத ஆள். ஹோம் ரன். 4-4. ரோல்ஸ் ஆறிப்போய் மேசையில் இருக்கிறது.

எங்கள் முறை வந்தது. மூன்று பேஸிலும் ஆட்கள், ஒருவர் மட்டும்தான் அவுட். மூன்றாவது பேஸில் நிற்பவர் ஐசயா கைனர்-ஃபலேஃபா, பிஷெட்டின் முழங்காலுக்குப் பதில் ஓட வந்தவர், நல்ல ஓட்டக்காரர். அவர் வீட்டுக்கு வந்தால் முடிந்தது, நாங்கள் சம்பியன். வார்ஷோ நிலத்தோடு அடிக்கிறார், பந்து போனது யாரிடம்? ரோஹாஸிடம்! அவர் தடுமாறி எடுத்து எறிந்தார், வீட்டில் நின்று பிடித்தவரின் கால் அங்கே இருக்கிற தட்டை விட்டு எழும்பித் திரும்பவும் பதிந்தது, கைனர்-ஃபலேஃபாவின் கால் வந்து சேர்ந்தது, எல்லாம் ஒரு கண் சிமிட்டலுக்குள். வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். அவுட். அடுத்தவர் கிளெமென்ட், அந்த ஒரு மாதத்தில் முப்பது ஹிட் அடித்துச் சாதனை வைத்தவர், ஆழமாக அடித்தார். டொட்ஜர்ஸின் இரண்டு பேர் ஒருவரோடொருவர் மோதி, ஒருவர் கீழே விழ, மற்றவர் பிடித்துவிட்டார். பதினோராவதில் அவர்களின் வில் ஸ்மித் ஹோம் ரன், 5-4. முதல் நாள் 96 பந்து எறிந்த அவர்களின் யமமோட்டோ என்ற ஜப்பான்காரர் ஓய்வே இல்லாமல் திரும்ப வந்து கடைசி வரை எறிந்து முடித்தார். அந்த மனுசனில் எனக்குக் கோபமே வரவில்லை.

இப்போது ஊர் முழுக்க ஒரே கதை: கைனர்-ஃபலேஃபா ஏன் மூன்றாவது பேஸோடு ஒட்டிக்கொண்டு நின்றார், இன்னும் ஒரு எட்டு முன்னுக்கு நின்றிருந்தால் வந்து சேர்ந்திருப்பாரே. வேலையிடத்தில், பலசரக்குக் கடையில், கோயில் மடத்தில் அன்னதானத்துக்கு நிற்கிற வரிசையில்கூட. அவர் பிறகு செய்தியாளரிடம் சொன்னார், கிட்டவே நிற்கும்படிதான் தனக்குச் சொல்லப்பட்டது, நேராக அடித்த பந்தைப் பிடித்துத் தன்னையும் அவுட் ஆக்கிவிடக்கூடாது என்பதற்காக. குலம், ஏன் அப்படிச் சொல்லியிருப்பார்கள்? முதல் நாள் ஆட்டம் முடிந்ததே அப்படித்தானே! சூடு கண்ட பூனை. வெள்ளிக்கிழமை பார்ஜர் மூன்று எட்டுக் கூட வந்தார், சனிக்கிழமை இவர் ஒரு எட்டுக் குறைய நின்றார். பந்து மதிலில் செருகாமல் தெறித்திருந்தால் முதல் நாள் அந்த நிலையே வந்திராது, அடுத்த நாள் அந்தப் பயமும் வந்திராது. மகன் ஒத்துக்கொள்ளவில்லை, அப்பா நீங்கள் கணக்குப் பாடத்தைக் கதையாக்குகிறீர்கள் என்கிறான், எங்கள் பந்தெறிகிறவர் ஹொஃப்மன் ரோஹாஸுக்கு எறிந்த பந்துதான் பிழை என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு இதில் உறுதி வரக் காரணம் நீதான்.

பிள்ளையார் கோயில் வெளிவீதியில் 84ஆம் ஆண்டு விளையாடிய மட்ச் ஞாபகம் இருக்கிறதா? நான் நேரே அடித்த பந்து எறிந்தவனின் கையில் பட்டு உன் பக்க விக்கெட்டில் விழ, நீ ரன் அவுட். அதற்குப் பிறகு அந்த வருசம் முழுக்க நீ கோட்டை விட்டு அரை அடி அசையவில்லை. எத்தனை ஒற்றை ஓட்டம் உன்னால் போனது, எத்தனை தரம் நான் பாதி வழியில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்! கைனர்-ஃபலேஃபா அங்கே நின்றதைப் பார்த்தபோது எனக்கு உன் சாரம் கட்டிய கால்தான் தெரிந்தது.

பிஷெட்டின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இருப்பாரோ போவாரோ தெரியாது. கெரேரோவுக்குப் பதினாலு வருசம், 500 மில்லியன் டொலர், அவர் எங்கும் போகமாட்டார். பெப்ரவரியில் புளோரிடாவில் பயிற்சி தொடங்கும், அதுவரை சினோவை, அதுதான் பனியை, தள்ள வேண்டியதுதான். ரோல்ஸ் இன்னும் பதினெட்டு ஃபிரிட்ஜில் கிடக்கிறது, மனைவி எறியவும் விடுகிறாள் இல்லை, சாப்பிடவும் எனக்கு மனமில்லை.

ஒன்று மட்டும் எழுது. அன்றைக்கு நீ நடுவரோடு சண்டை பிடித்தாய், மட்டை கோட்டுக்குள் இருந்தது என்று. நாற்பத்தொரு வருசமாக அதையேதான் சொல்கிறாய். வீடியோ இல்லை, நடுவரும் இப்போது இல்லை, கேட்க நான் மட்டும்தான் மிச்சம். உண்மையைச் சொல்லு மச்சான், மட்டை உள்ளேதான் இருந்ததா?

உன்,
சிவம்