செயலாளரின் ஆண்டறிக்கை: நமக்காக நாமே எழுதிய கட்டளைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஒரு தீர்மானம் போட்டோம். நம் சர்வர்களில் அவரவர் மனப்பாடமாகத் தட்டிவரும் கமாண்டுகளைத் திரட்டி, உறுப்பினர் யாரும் இயக்கக்கூடிய தனிக் கட்டளைகளாக ஓரிடத்தில் எழுதிவைப்பது என்று. இந்த ஆண்டின் உழைப்பில் பெரும்பகுதி அதற்கே போனது. அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

இதற்கு முன் நம்மிடம் இருந்தவை அலியாஸ்களும் (நீண்ட கமாண்டுக்கு வைக்கும் சுருக்கப் பெயர்கள்) சில்லறை ஸ்கிரிப்டுகளும் (கமாண்டுகளை வரிசையாக எழுதிய கோப்புகள்). அலியாஸ் எழுதியவரின் டெர்மினலோடு நின்றுவிடும். தட்டும் கமாண்டுகளை வாங்கி இயக்கும் ஷெல்களில் ஒன்றான பாஷின் ஸ்கிரிப்டுக்குள் அது இயல்பாக வேலையும் செய்யாது. எழுதியவர் விடுப்பில் போனால் அவருடைய சர்வரைத் தொட மற்றவர்களுக்குத் தயக்கம். அந்தத் தயக்கத்தைப் போக்குவதுதான் நோக்கம்.

கருவியாக ஃபேப்ரிக்கைத் தேர்ந்தெடுத்தோம். எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகத் தொலைவிலுள்ள சர்வர்களில் வேலை செய்விக்கும் பைத்தான் கருவி அது. அதில் புதிய கட்டளை உருவாக்குவது எளிது. ஃபேப்ஃபைல் என்ற கோப்பில் ஒரு ஃபங்ஷன் (பெயரிட்ட நிரல் பகுதி) எழுதி, அதன் தலையில் டாஸ்க் என்று குறியிட்டால் போதும், அது கட்டளையாகிவிடும். ஃபங்ஷனின் முதல் உள்ளீடு சர்வர் இணைப்பு. மற்ற உள்ளீடுகள் கட்டளை வரியில் தெரிவுகளாக மாறும். ஃபங்ஷனுக்குள் முதலில் எழுதும் விளக்க வரி, கட்டளைப் பட்டியலைக் கேட்கும்போது பெயருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த ஒரு வரியை எழுதாத எந்தக் கட்டளையையும் ஏற்பதில்லை என்று செயற்குழு முடிவு செய்தது. ஆண்டின் மிக நல்ல முடிவு அதுதான் என்பது என் கருத்து.

தொடக்கத்தில் சில வாரங்கள் வீணாயின. 2018 இல் வந்த ஃபேப்ரிக் 2.0 அடியோடு மாற்றி எழுதப்பட்டது. 1 வரிசைக்கு எழுதியவை அதில் அப்படியே ஓடா. உறுப்பினர்கள் கொண்டுவந்த உதாரணங்களில் பல பழைய வரிசையைச் சேர்ந்தவை. இனி எந்த உதாரணத்தை எடுத்தாலும் முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

பெயர் வைப்பதிலும் விவாதம் நடந்தது. பைத்தான் 3 இல் ஃபங்ஷனுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், வைத்தும் பார்த்தோம். பட்டியலில் தமிழ்ப் பெயர்களைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் பல டெர்மினல்களில் உயிர்மெய் எழுத்துகளின் அகலம் தவறாகக் கணக்கிடப்பட்டு, கர்சர் இடம் மாறி நிற்கிறது. நள்ளிரவில் தமிழ் விசைப்பலகை இல்லாத கணினியிலிருந்து ஒரு சேவையை மீட்க வேண்டியவரை அது தடுமாற வைக்கும். எனவே பெயர் ரோமன் எழுத்தில், விளக்க வரி தமிழில் என்று முடிவானது.

இனி, வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டிய ஒன்று. நாம் முதலில் எழுதிய பேக்கப் கட்டளை, தரவுத்தளத்தின் டம்ப்பை, அதாவது அதன் நகலை, எடுத்து பைப் (ஒரு கமாண்டின் வெளியீட்டை அடுத்த கமாண்டுக்குக் கொடுப்பது) வழியாக ஜிஸிப் என்ற சுருக்கும் கருவிக்கு அனுப்பிச் சுருக்கி வைத்தது. தினமும் 'வெற்றி' என்றே சொல்லிவந்தது. ஒரு உறுப்பினர் பழைய தரவு ஒன்றைத் தேடியபோதுதான் விஷயம் தெரிந்தது: சில நாள்களாகச் சேர்ந்த கோப்புகள் ஒவ்வொன்றும் வெறும் 20 பைட். உள்ளே எதுவுமே இல்லாவிட்டாலும் ஜிஸிப் தன் தலைப்பையும் வாலையும் எழுதிவைக்கும் அளவு அது. தரவுத்தளக் கடவுச்சொல் மாறியதால் டம்ப் தோற்றிருக்கிறது. ஆனால் பைப் வரிசையில் ஷெல் கடைசிக் கமாண்டின் எக்ஸிட் கோடையே (வெற்றியா தோல்வியா என்று முடியும்போது அது திருப்பும் எண்) முடிவாக எடுத்துக்கொள்ளும். ஜிஸிப் தன் வேலையைக் குறையின்றி முடித்ததால் கிடைத்தது 0, அதாவது வெற்றி. அந்தக் கட்டளையை எழுதியவன் நான். தரவு உயிரோடு இருந்ததால் இழப்பு நேரவில்லை. அதனால் என் பொறுப்பு குறைந்துவிடாது.

திருத்தம் மூன்று இடங்களில் செய்தோம். பைப்ஃபெயில் என்ற பாஷ் அமைப்பைக் கட்டளைக்குள்ளேயே இயக்கினோம். அதன்பின் வரிசையில் எது தோற்றாலும் பூஜ்யமல்லாத கோடு திரும்பும். அதைக் கண்டதும் ஃபேப்ரிக் இயல்பாகவே நின்றுவிடும். இதற்கு முன் சில கட்டளைகளில் தொந்தரவு தருகிறது என்று இந்த நிறுத்தத்தை 'எச்சரிக்கை மட்டும்' என்று தளர்த்தி வைத்திருந்தோம். அவற்றையெல்லாம் தேடி நீக்கினோம். மூன்றாவது, கோப்பின் கடைசியைப் படித்துப் பார்ப்பது. ஜிஸிப்பின் சொந்தச் சோதனை இங்கே உதவாது, ஏனென்றால் அந்த 20 பைட் கோப்பும் அதற்கு முறையான கோப்புதான். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் டம்ப் முழுமையாக முடிந்தால் இயல்பாகக் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று எழுதும். அந்த வரி இல்லாவிட்டால் நம் கட்டளை இப்போது தோல்வி என்று அறிவிக்கிறது.

இதே பாடத்தை அழிக்கும் கட்டளைகளுக்கும் கொண்டுபோனோம். ஷெல்லில் மதிப்பில்லாத மாறி வெற்றிடமாகவே விரியும். தளத்தின் பெயரைக் கொடுக்க மறந்தால், ஒரு தளத்தின் லாக் (நடப்புப் பதிவு) கோப்புறைக்குப் பதில் எல்லாத் தளங்களின் லாக்குகளும் போய்விடும். இப்போது பெயர் கட்டாய உள்ளீடு. வெற்றுச் சரத்தையும் தனியே சோதிக்கிறோம். அதற்கு மேல், அழிக்கும் எந்தக் கட்டளையும் முதலில் எதை அழிக்கப்போகிறது என்ற பட்டியலை மட்டும் காட்டும். 'நிஜமாக' என்ற தெரிவைத் தனியே சேர்த்தால்தான் கை வைக்கும்.

மற்ற கட்டளைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெப் சர்வரை மீளேற்றும் கட்டளை, அமைப்புக் கோப்பை எஞ்ஜின்எக்ஸ் என்ற அந்த வெப் சர்வரின் சோதனைத் தெரிவால் சரிபார்த்த பிறகே மீளேற்றும். தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழ் 30 நாளுக்குள், அதாவது 25,92,000 விநாடிக்குள், காலாவதியாகுமா என்பதை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவியிடம் கேட்டுச் சொல்ல ஒன்று இருக்கிறது. வட்டு நிலையைக் காட்டும் கட்டளை காலி இடத்தோடு ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் வட்டில் தேவைப்படும் பதிவு) எண்ணிக்கையையும் காட்டும்; அது தீர்ந்தாலும் புதிய கோப்பு எழுத முடியாது. இடம் மீதமிருக்கும்போதே 'இடமில்லை' என்ற பிழை வந்து குழம்பியவர்கள் இதன் அருமையை அறிவார்கள். கடவுச்சொல் எதுவும் ஃபேப்ஃபைலில் எழுதப்படவில்லை. நிர்வாகி உரிமையோடு இயக்கும் சூடோவுக்கு வேண்டியதை இயக்கும்போதே கேட்டு வாங்குகிறது.

கூட்டங்கள் முறையாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார்.

வரும் ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள். மீட்டெடுக்கும் கட்டளை இன்னும் எழுதப்படவில்லை. பேக்கப்பை வேறொரு சர்வரில் விரித்து, அட்டவணைகளை எண்ணிப் பார்த்து, முடிவைச் சொல்லும் கட்டளை அது. அதை எழுத இரண்டு உறுப்பினர்கள் முன்வர வேண்டும். அவர்களில் ஒருவராவது இதுவரை ஃபேப்ஃபைலைத் திறந்தே பார்க்காதவராக இருந்தால் நல்லது. விளக்க வரிகளில் எது புரியவில்லை என்று அவரால்தான் சொல்ல முடியும். பெயர்களை இந்தக் கூட்டம் முடிவதற்குள் என்னிடம் தரலாம்.

எழுதிய ஒவ்வொரு கட்டளையையும் வரி வரியாகப் படித்துக் குறை சொன்ன துணைச் செயலாளருக்கும், பேக்கப் கோப்பின் அளவைச் சந்தேகித்துக் கேட்ட அந்த உறுப்பினருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்