கழன்று விழுந்த பல்லைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு நன்றி

பெருமதிப்பிற்குரிய நடுவருக்கும், இரு அணிகளின் பயிற்சியாளர்களுக்கும் வீரர்களுக்கும், பல் மருத்துவருக்கும் வணக்கம்.

கால்பந்துப் போட்டியில் பந்தைத் தலையால் முட்ட எழும்பியபோது எதிரணி வீரரின் முழங்கை பட்டு, என் 15 வயது மகனின் மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்று விழுந்தது. பக்கத்துப் பல்லின் முனையும் உடைந்தது. கழன்ற பல் இன்று அதன் இடத்திலேயே இருக்கிறதென்றால், அடுத்த சில நிமிடங்களில் மைதானத்தில் நீங்கள் செய்தவையே அதற்குக் காரணம் என்று மருத்துவர் எங்களிடம் கூறினார். ஆகவே பொதுவாக நன்றி சொல்லி நிறுத்தாமல், யார் என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுகிறேன்.

நடுவர் ஐயா, எல்லோரும் ரத்தத்தைக் கண்டு பதறியபோது, அவனுக்கு நினைவு தெளிவாக இருக்கிறதா, மூச்சு சீராக வருகிறதா, கழுத்தில் வலி உண்டா, தலை சுற்றுகிறதா என்பதைத்தான் தாங்கள் முதலில் பார்த்தீர்கள். தலைக்காயம் இல்லை என்று தெரிந்த பிறகே பல்லைத் தேடச் சொன்னீர்கள்.

எதிரணிப் பயிற்சியாளர் அம்மா, தங்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. புல்லில் கிடந்த பல்லை ஒருவர் நல்லெண்ணத்தோடு துணியால் துடைக்கப் போனபோது, வேரைத் தொட வேண்டாம் என்று தடுத்து, வாயில் வெளியே தெரியும் பகுதியை மட்டும் பிடித்துத் தூக்கினீர்கள். வேரின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய நார்த்திசுதான் பல்லை மீண்டும் எலும்போடு பிணைக்கிறது என்பதையும், தேய்த்தால் அது சிதைந்துவிடும், காற்றில் உலர்ந்தால் அரை மணி நேரத்துக்குள்ளேயே அதன் உயிரணுக்களில் பெரும்பாலானவை மடிந்துவிடும் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். மகனின் வயதைத் தாங்கள் கேட்டதற்கும் காரணம் இருந்தது: விழுந்தது பால் பல்லாக இருந்தால் அதைத் திரும்பப் பொருத்தக் கூடாது, அடியில் வளரும் நிலைப்பல் பாதிக்கப்படும். அணித்தோழன் ஒருவன் ஓடிப்போய் வாங்கிவந்த பாலில் பல்லைச் சில விநாடிகள் அலசி, முன்பக்கம் எது என்று பார்த்து, குழிக்குள் மெல்ல அழுத்திப் பொருத்தி, மடித்த கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொன்னீர்கள். பொருத்த முடியாமல் போனால் பாலிலேயே போட்டு எடுத்துச் செல்லலாம், தண்ணீரில் மட்டும் போடக் கூடாது என்று அங்கிருந்த மற்றவர்களுக்கும் பொறுமையாகச் சொன்னீர்கள்.

மருத்துவர் அவர்களே, தொலைபேசியில் செய்தி கேட்டதுமே எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்துக் காத்திருந்தீர்கள். புல்லில் எவ்வளவு தேடியும் கிடைக்காத அந்த உடைந்த முனையை, வீங்கிய உதட்டையும் எக்ஸ்ரே எடுத்து அதற்குள்ளிருந்தே கண்டெடுத்தீர்கள். கழன்ற பல்லைப் பக்கத்துப் பற்களோடு வளையும் தன்மையுள்ள மெல்லிய கம்பியால் 2 வாரங்களுக்குப் பிணைத்தீர்கள். டெட்டனஸ் தடுப்பூசி பற்றி விசாரித்தீர்கள். அந்த 2 வாரங்களுக்குள்ளேயே ரூட் கேனால் சிகிச்சையையும் தொடங்கிவிட்டீர்கள். வேர் பிற்காலத்தில் கரையக்கூடும், இடையே அந்த நார்த்திசு இல்லாமல் நேரடியாக எலும்போடு ஒட்டிப்போகவும் கூடும், ஆகவே பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதனைக்கு வர வேண்டும் என்று எதையும் மறைக்காமல் சொன்னதற்காகத் தங்களை இன்னும் அதிகமாக மதிக்கிறேன்.

எங்கள் அணி நிர்வாகத்தினர் இப்போது எல்லா வீரர்களுக்கும் பல் அச்செடுத்து, பற்களைக் காக்கும் உறையான மவுத் கார்டு செய்து கொடுத்திருக்கிறார்கள். வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்திக்கொள்ளும் வகையும் உதவக்கூடியதே. ஆனால் அழுத்திக் கடித்தால் அடிபடும் இடத்திலேயே அது மெலிந்துவிடுகிறது. அச்செடுத்துச் செய்தது நழுவாமல் இருப்பதால் பேசவும் மூச்சுவிடவும் எளிதாக இருக்கிறது. அதனால் பிள்ளைகள் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிடாமல் பயிற்சியிலும் அணிகிறார்கள். வளரும் வயதில் அது சீக்கிரம் பொருந்தாமல் போகும் என்பதால், அவ்வப்போது அளவு பார்த்து மாற்றித் தரவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இந்த அக்கறைக்கு மனமார்ந்த நன்றி.

கடைசியாக, பெற்றோருடன் வீட்டுக்கு வந்து கண்கலங்கிய எதிரணித் தம்பிக்கு: பந்துக்காக இருவரும் ஒரே நேரத்தில் எழும்பினீர்கள், அதில் உன் தவறு எதுவும் இல்லை. புல்லில் மண்டியிட்டு அந்தப் பல்லைக் கண்டெடுத்தவனே நீதான். அடுத்த போட்டியிலும் தயங்காமல் எழும்பி விளையாடு, தம்பி. மவுத் கார்டை மட்டும் மறக்காமல் அணிந்துகொள்.

நன்றியுடன்,
ஒரு வீரனின் தந்தை