ஃபிஷர் தீவின் கதையை டார்சியிலிருந்து தொடங்குங்கள்

மயாமியைப் பற்றித் தமிழில் எழுதியும் காணொளி எடுத்தும் வரும் பயண எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். பேசைடு படகுத்துறையில் சுற்றுலாப் படகேறி, பிஸ்கெய்ன் விரிகுடாவின் கோடீசுவரர் மாளிகைகளைப் பார்த்துத் திரும்பும் பயணத்தை உங்களில் பலர் அழகாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றை விரும்பிப் படிப்பவன் என்ற உரிமையில் ஒரு குறையைச் சொல்கிறேன். ஃபிஷர் தீவு வந்தவுடன் கதை பெரும்பாலும் 1925-இல்தான் தொடங்குகிறது: பெருஞ்செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் வாண்டர்பில்ட் தம் உல்லாசக் கப்பலைக் கொடுத்து அங்கே ஏழு ஏக்கர் நிலத்தைப் பெற்றார் என்பது. சுவையான கதைதான், ஒலிபெருக்கியில் சொல்வதற்கென்றே அமைந்தது போன்றது. ஆனால் அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு அந்த மண் யார் கையில் இருந்தது என்பதை விட்டுவிட்டால், அத்தீவின் வரலாற்றில் பாதி போய்விடுகிறது.

முதலில் ஒரு சிறு திருத்தம். ‘கடலில் மண் கொட்டி உருவாக்கிய தீவு’ என்ற விவரிப்பு, அருகிலுள்ள ஸ்டார் தீவுக்குச் சரியாகப் பொருந்தும். ஃபிஷர் தீவுக்கு அது பாதி உண்மை. அட்லாண்டிக்கிலிருந்து மயாமித் துறைமுகத்துக்குக் கப்பல்கள் நேராக வருவதற்காக, இன்றைய மயாமி பீச்சின் தென்முனையை ஊடறுத்து 1905-இல் ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. கவர்ன்மென்ட் கட் என்பது அதன் பெயர். வெட்டுக்குத் தெற்கே துண்டாகிப் போன நிலமே தீவாயிற்று. தூர்வாரிய மண்ணைக் கொட்டி அதை அகலப்படுத்தியது பிற்பாடு நடந்தது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 216 ஏக்கர். சவுத் பாயின்ட் பூங்காவின் கரையில் மாலையில் நின்றால், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று பெயர்ந்து போவதைப் போல் சொகுசுக் கப்பல் கண்ணெதிரே கடந்து செல்லும். அது முழுவதும் கடந்து முடியும் வரை எதிர்க்கரையில் இருக்கும் தீவு மறைந்தே இருக்கும்.

அந்தத் தீவை 1918-இல் வாங்கியவர் டானா ஆல்பர்ட் டார்சி. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து, தச்சராக மயாமிக்கு வந்தவர். ரயில் அதிபர் ஹென்றி ஃப்ளாக்லரின் ரயில்பாதை வேலைக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் குடியிருக்க வீடில்லை என்பதைக் கண்டு, இன்று ஓவர்டவுன் எனப்படும் பகுதியில் மனைகளை ஒவ்வொன்றாக வாங்கி, வாடகை வீடுகளைக் கட்டி, மயாமியின் முதல் கறுப்பினக் கோடீசுவரர் என்று பெயர் பெற்றவர். மயாமியின் கடற்கரைகளில் கறுப்பின மக்கள் கால் வைக்க முடியாதிருந்த காலம் அது. அவர்களுக்கென ஒரு கடலோர விடுதியை அமைக்கவே அவர் தீவை வாங்கினார். ஆனால் வரியும் செலவும் ஏறிக்கொண்டே போக, 1919-இல் அது மயாமி பீச்சை உருவாக்கிய கார்ல் ஃபிஷரிடம் விற்கப்பட்டது. ஓராண்டளவே வைத்திருந்தவர் என்று அவரை ஒதுக்கிவிடலாமா? அந்த ஓராண்டில்தான் அத்தீவுக்கு முற்றிலும் வேறொரு எதிர்காலம் இருந்தது. தீவுக்கு வாய்த்த பெயரோ வாங்கி விரிவாக்கியவருடையது.

அதன் பிறகு வாண்டர்பில்ட்டின் மாளிகை எழுந்தது, அவர் 1944-இல் மறைந்தார், கைகள் மாறின, 1980-களில் அடுக்குமாடி வீடுகள் வந்தன. இவற்றை நீங்கள் விரிவாகவே எழுதிவிட்டீர்கள். நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஃபிஷர் தீவுக்கு இன்றும் பாலம் கிடையாது. மெக்கார்தர் தரைப்பாலத்தருகே காரோடு படகில் ஏறி, சில நிமிடங்களில் அக்கரை சேர வேண்டும். அங்கே வசிப்பவரோ அவர்களின் விருந்தினரோ அல்லாதவர் அப்படகில் சாதாரணமாக ஏற முடியாது. பாலம் இல்லாததை அத்தீவின் பெருமையாகவே நாமும் எழுதுகிறோம். ஆனால் அதற்குத் தெற்கே, ஒரு குறுகிய நீர்வழிக்கு அப்பால் இருக்கிறது வர்ஜீனியா கீ. 1945 மே மாதம் ஹாலோவர் கடற்கரையில் கறுப்பின மக்கள் தடையை மீறிக் கடலில் இறங்கிப் போராடிய பிறகு, அவ்வாண்டு ஆகஸ்டில் அங்கேதான் அவர்களுக்கென ஒரு கடற்கரை திறக்கப்பட்டது. டார்சி தீவை விற்று 26 ஆண்டுகள் கழித்து! அதற்கும் அப்போது பாலம் கிடையாது. குடும்பம் குடும்பமாகப் படகில்தான் போனார்கள். ஒருவருக்குப் பாலமின்மை ஒதுக்கிவைத்தலாகவும், இன்னொருவருக்கு அதுவே விலை கொடுத்து வாங்கும் தனிமையாகவும் இருப்பதை, அடுத்தடுத்துக் கிடக்கும் இந்த இரு தீவுகளைப் போல எடுத்துக்காட்டும் வேறோர் இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, வாண்டர்பில்ட்டின் கப்பல் கதையை நீக்கச் சொல்லவில்லை. அதற்கு முன் இரண்டு பத்தியேனும் டார்சிக்கு ஒதுக்குங்கள் என்றே கேட்கிறேன். படமெடுக்க எதுவும் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஓவர்டவுனில் அவருடைய வீடு மீண்டும் கட்டப்பட்டு நிற்கிறது. பேசைடு படகுத்துறையிலிருந்து அது வெகு தொலைவில் இல்லை. அடுத்த முறை படகுக்குச் சீட்டு வாங்கும் நாளில், காலையில் முதலில் அங்கே போய்விட்டுப் பிறகு படகேறுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்