சுட்டதை மட்டும் எண்ணினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேட்டை என்று பேச்செடுத்தாலே எங்கள் வட்டாரத்து அண்ணன்மார் சொல்வது இதுதான்: "காட்டில் நிறைய இருக்கு, நாலைந்து சுட்டால் குறைஞ்சா போயிடும்?" காட்டுப்பன்றிக்கு அது ஓரளவு பொருந்தும். ஒரே ஈற்றில் நான்கைந்து குட்டி போடும். செம்பனைத் தோட்டத்தில் தீனிக்கும் பஞ்சமில்லை. ஆனால் 2021இல், பன்றிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் மலேசியாவுக்குள் வந்தபின், பன்றி விஷயத்திலும் கண்ணை மூடிக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது.

கடமான் சங்கதி வேறு. எட்டு மாதச் சினை, ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. நம் புலிக்கு முக்கிய இரையும் அதுதான். தீபகற்பத்தில் புலிகளே 150க்கும் குறைவு என்கிறது அரசாங்கக் கணக்கெடுப்பு. கடமான் வேட்டைக்கு வனவிலங்குத் துறை உரிமம் கொடுப்பதை நிறுத்தியது மிகச் சரியான முடிவு.

அதை மறுபடி திறக்கச் சொல்கிறவர்கள், "முன்பெல்லாம் வருடா வருடம் அதே அளவு கிடைத்ததே" என்கிறார்கள். சரி, அதற்கு எத்தனை இரவு காட்டில் காத்திருந்தார்கள்? தோட்டத்து ஓரத்திலேயே கிடைத்ததைத் தேடி வடக்குப் பேராக்கில் இருக்கும் கிரிக் வரை வண்டியோட்ட வேண்டியிருந்தால், எண்ணிக்கை மாறாவிட்டாலும் மான் குறைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

ராபின்சன், ரெட்ஃபோர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் ஓர் அளவுகோல் கொடுத்தார்கள். நீண்ட நாள் வாழும் விலங்கென்றால், ஆண்டுதோறும் புதிதாகப் பெருகக்கூடியதில் 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. மிகக் குறுகிய ஆயுள் என்றால் 60 சதவீதம் வரை. அந்த வரம்பைத் தாண்டினால் அழிவு என்று உறுதியாகச் சொல்லலாம். தாண்டாவிட்டால் ஆபத்தில்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நம்மவர்கள் கவனிக்காமல் விடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

ஏனென்றால் கண்ணி எந்தக் கணக்கிலும் வருவதில்லை. மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியைச் சுருக்குப் போட்டு, வளைத்த இளமரத்தில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். சினை மானா, குட்டியா, புலியா என்று அந்தக் கம்பி பார்க்காது. சிக்கியது அழுகிப்போனாலும் யார் ஏட்டிலும் ஏறாது.

ஆகவே, என்றைக்காவது மான் உரிமம் திரும்ப வருமானால், அதற்கு முன், விலங்கு கடந்தால் தானாகவே படமெடுக்கும் கேமராப் பொறிகளில் பதிவான எண்ணிக்கையை, மாநிலவாரியாக மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். சுட்டது ஆணா பெண்ணா, சினையா, எத்தனை மணி நேரம் அலைந்து கிடைத்தது என்பதையும் உரிமம் பெற்றவர் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதித் தராதவருக்கு மறு ஆண்டு உரிமம் தரக் கூடாது.

இப்படிக்கு,
வாசகர்,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு