மார்ச் 27இல் விடுபட்ட ஒருவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் வரும் 'வரலாற்றில் இன்று' பகுதியை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைப்பது என் வழக்கம். பின்னேரம் பேத்தி அதை வாசித்துக் காட்டுவாள். மார்ச் 27க்குரியதை வாசித்து முடித்தவள், "அம்மப்பா, எங்கட அடிகளாரைக் காணேல்லையே?" என்றாள். காரைதீவுப் பிள்ளை, கேட்காமல் இருப்பாளா?

சுவாமி விபுலாநந்தர் 1892 மார்ச் 27இல் எங்கள் ஊரில் பிறந்தவர். எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ரொன்ட்ஜன் பிறந்ததும் (1845) அதே திகதியில்தான். அவரைப் போட்டிருந்தீர்கள். 1968இல் விமான விபத்தில் இறந்த, விண்வெளிக்கு முதன்முதலில் போன ககாரின், 1977இல் தெனெரீஃபில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் மாண்டது, உலக நாடக தினம், எல்லாம் இருந்தன. சரி, இருக்கட்டும். ககாரின் 1961இல் இலங்கைக்கே வந்து போனவர்.

ஆனால் ரொன்ட்ஜனுக்குப் பக்கத்தில் வைக்கப் பொருத்தமானவர் சுவாமி. துறவுக்கு முன் விஞ்ஞானம் படிப்பித்தவர், 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். பழந்தமிழ் இசைக்கருவியான யாழைப் பற்றி அவர் எழுதிய 'யாழ் நூல்' புத்தகத்தில் நரம்புகளின் நீளத்தையும் சுருதியையும் கணக்குப் போட்டுக் காட்டினாரே, அது வெறும் தமிழ்ப் புலமையால் மட்டும் வந்ததில்லை. நாடக தினத்தோடும் அவரைச் சேர்க்கலாம்: சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழில் ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' எழுதியவர். அந்தத் தினம் முதலில் கொண்டாடப்பட்டது 1962இல், அவர் மறைந்து 15 வருடம் கழித்து. தற்செயல்தான், என்றாலும் கூத்து ஆடும் மட்டக்களப்புப் பக்கத்தில் இதைச் சொன்னால் ரசிப்பார்கள்.

இன்னொன்று. 1964 அலாஸ்கா நிலநடுக்கத்தையும் அதே நாளில் போட்டிருந்தீர்கள். அங்கே அது 27ஆம் திகதி பின்னேரம். இங்கே அப்போது 28ஆம் திகதி காலை ஒன்பது மணி தாண்டிவிட்டது. பிழை என்று சொல்லவில்லை. 'உள்ளூர் நேரப்படி' என்று இரண்டு சொல் சேர்த்தால் போதும். 2004 சுனாமியில் கடல் வந்த ஊர்க்காரன், நிலநடுக்கம் என்றால் நேரத்தைப் பார்க்காமல் விட முடிகிறதில்லை.

நவம்பர் 23 வரும்போது 1978 சூறாவளியை மறந்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் அந்தத் திகதியைச் சொன்னால் யாரும் வருடம் கேட்பதில்லை. மார்ச் 27 பக்கத்தின் ஓரத்தில் பேத்தி அடிகளாரின் பெயரைப் பேனையால் எழுதிவிட்டாள். அடுத்த வருடம் அவளுக்கு அந்த வேலை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைதீவு